எத்தனை அங்குல பக்கெட்?

சிறு டிராக்டரின் முதுகில் மாட்டும் தோண்டு யந்திரம் இன்று தோட்டந்தோறும் புகுந்துவருகிறது. அதன் நுனியில் எவ்வளவு அகலமான பக்கெட் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும், பெரும்பாலோர் யோசியாமலே ‘பெரியது’ என்று விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லின் செலவை நிலமும் குழாயும் தெருவும் பல வருஷங்கள் சுமக்கின்றன.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைக் குன்றுகளின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், கிணற்றடியிலிருந்து தோப்பின் கடைக்கோடி வரை சொட்டுநீர்ப் பாசனத்தின் பிரதான குழாயைப் புதைக்க வேண்டி, 600 அடி நீளத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் நேர்க்கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் தொடக்கத்தில் 25 குதிரைத்திறனைக்கூட எட்டாத ஒரு சிறு டிராக்டர், இரும்புக் கையை முதுகோடு மடக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தது. பக்கத்தில், காய்ந்த தென்னை மட்டைகளின்மேல், இரண்டு பக்கெட்டுகள் கிடந்தன. ஒன்று 24 அங்குல அகலம். வர்ணம் கலையாத புதுசு. மற்றது 12 அங்குலம்; அதன் மூன்று பற்களும் மண்ணில் தேய்ந்து பளபளத்தன.

“ஏன் தம்பி, பெருசையே மாட்டீருங்க. ஒரு வாட்டி அள்ளுனா ரெண்டு பங்கு மண்ணு வருமில்ல? பொழுதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்” என்றார் தோப்புக்காரர்.

டிரைவர் சிறு வயதுக்காரர். அவசரப்படாமல் குழாயின் வாயை விரலால் அளந்து காட்டினார். “மண்ணு வருமுங்கண்ணா. அத்தனை மண்ணு நமக்கு எதுக்குங்க? குழாய் மூணரை அங்குலந்தானுங்க. ரெண்டடி அகலத்துக்குப் பறிச்சா, பறிச்சதைத் திருப்பித் தள்ளி மூடவும் இதே வண்டிதானுங்க ஓடணும். அந்த வாடகையும் உங்க கணக்குலதானுங்க சேரும்.”

தோப்புக்காரர் உடனே இசைந்துவிடவில்லை. இரண்டு பக்கெட்டுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். தமிழ்நாட்டில் இன்று எத்தனையோ தோட்டங்களில், எத்தனையோ வரப்புகளின்மேல், இதே தயக்கம் இதே வடிவில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்துக் கூலிக்குப் பள்ளம் பறிக்கும் ஆட்கள் அருகிவிட்ட நிலையில், பெரிய ஜேசிபியைக் கூப்பிட்டால் அது பாக்குத் தோட்டத்துக்குள் நுழையாது, வாழைக்குள் திரும்பாது என்று கண்ட விவசாயிகள், தங்களிடம் உள்ள சிறு டிராக்டருக்கே ஒரு தோண்டு கை வாங்கி மாட்டிக்கொள்ளும் காலம் இது. கை வாங்குகிறவர் அதன் ஆழத்தை விசாரிக்கிறார், விலையை விசாரிக்கிறார், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று விசாரிக்கிறார். பக்கெட்டின் அகலத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

டிராக்டரோடு பிறந்த யந்திரம்

இந்த யந்திரம் ஆதியில் சிறு டிராக்டருக்கென்றே பிறந்தது என்பதைப் பலர் அறியார். முழுவதும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் முதல் பின்தோண்டியை அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய வெயின்-ராய் என்னும் கம்பெனி உருவாக்கி, 1948 ஏப்ரலில், ஃபோர்டு 8என் என்ற விவசாய டிராக்டரின் முதுகில் பொருத்தி, கனெக்டிகட் மாநிலத்து மின்சாரக் கம்பெனி ஒன்றுக்கு 705 டாலருக்கு விற்றது. இங்கிலாந்தில் ஜோஸப் சிரில் பாம்ஃபோர்டு, முன்னால் அள்ளும் தொட்டியையும் பின்னால் தோண்டும் கையையும் ஒரே டிராக்டரில் இணைத்தது 1953ஆம் வருஷம். அவர் பெயரின் முதலெழுத்துக்களே இன்று நம் ஊர்களில் எந்தத் தோண்டு வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டன. 1979இல் அந்தக் கம்பெனி ஹரியானாவின் பல்லப்கட்டில் தொழிற்சாலை வைத்த பிறகு, ஏழரை டன்னை ஒட்டிய எடையுள்ள மஞ்சள் வண்டியே நம் கண்ணுக்குத் தோண்டு யந்திரத்தின் இலக்கணமாக நிலைத்துவிட்டது.

சிறு டிராக்டருக்கு பக்கெட் வாங்கப் போகிறவரின் மனத்திலும் அந்த மஞ்சள் வண்டியின் உருவமே நிற்கிறது. அதன் பக்கெட் இரண்டடிக்கும் மேல் அகலமானது. ஆகவே நமக்கும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும் என்று அவர் எண்ணுகிறார். ஏழரை டன் யந்திரத்துக்குப் பொருந்தும் அளவு, ஒரு டன்னைக்கூட எட்டாத டிராக்டருக்குப் பொருந்துமா என்ற கேள்வி, பணம் கொடுத்து முடித்த பிறகே எழுகிறது.

பல்லின் நுனியில் உள்ள பலம்

தோண்டும் கையின் பலம், பக்கெட்டை உள்நோக்கி மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் இருக்கிறது. உதாரணமாக, உள்விட்டம் 63 மில்லிமீட்டர் உள்ள ஒரு சிலிண்டரில் சதுர செண்டிமீட்டருக்கு 140 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் பாய்வதாக வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் தண்டு தள்ளும் விசை 4,300 கிலோவைத் தாண்டும். ஆயினும் இணைப்புகளின் நெம்புக் கணக்கினால், பல்லின் நுனிக்கு வந்து சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 1,450 கிலோ. பக்கெட் எந்த அகலமானாலும் இந்த விசை மாறுவதில்லை. அது எத்தனை அங்குலத்துக்குப் பங்கிடப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. 12 அங்குல பக்கெட்டில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 120 கிலோ. 18 அங்குலத்தில் 80. 24 அங்குலத்தில் 60. இறுகிய சரளையை உடைக்கக் கடப்பாரையை எடுக்கும் கை, மண்வெட்டியை எடுக்காததற்குக் காரணம் எதுவோ, அதுவே இங்கும் காரணம்.

மழை பெய்து ஊறிய செம்மண்ணில் இந்த வித்தியாசம் அவ்வளவாகப் புலப்படாது. வைகாசி வெயிலில் காய்ந்து கெட்டியான தரையிலோ, இரண்டடிக்குக் கீழே சுக்கான் படிவம் தட்டுப்படும் இடத்திலோ, அகலமான பக்கெட் மண்ணுக்குள் இறங்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போவதையும், டிராக்டர் மண்ணை இழுப்பதற்குப் பதிலாக மண் டிராக்டரை இழுப்பதையும், அதை இருபுறமும் தாங்கும் ஜாக்கிகள் இரண்டும் தரையைக் கீறிக்கொண்டு பின்னோக்கி நகர்வதையும் காணலாம். அப்போது டிரைவர் எஞ்சினை முறுக்குவார்; எண்ணெய் சூடாகும்; ஹோஸ் இணைப்புகளில் கசிவு தொடங்கும். ஒரே வீச்சில் இரட்டிப்பு மண் என்று நம்பி வாங்கிய பக்கெட் பாதி நிரம்பி மேலே வர, நான்கு வீச்சில் முடிய வேண்டிய இடத்தில் ஒன்பது வீச்சாகும். வாடகை மணிக்கணக்கில் ஓடும் தொழிலில், இந்த நஷ்டத்தை எந்த ரசீதும் தனியாகக் காட்டுவதில்லை.

எடையின் கணக்கும் உண்டு. தோண்டி அவிழ்ந்த ஈரமண் கன அடிக்கு 40 கிலோவைச் சுற்றி இருக்கும். பக்கெட்டின் பக்கவாட்டுப் பரப்பை ஒன்றரைச் சதுர அடி என்று கொண்டால், 12 அங்குலத்தில் 60 கிலோ மண், 18 அங்குலத்தில் 90 கிலோ, 24 அங்குலத்தில் 120 கிலோ. பக்கெட்டின் சொந்த இரும்பு எடை இதற்குமேல். கையை முழுவதும் நீட்டிப் பக்கவாட்டில் திருப்பும் தருணத்தில் இந்தச் சுமை டிராக்டரிலிருந்து எட்டடி தள்ளித் தொங்குகிறது. சமதரையில் ஜாக்கி தாங்கிக்கொள்ளும். சரிவான தோட்டத்தில், அதுவும் கீழ்ச்சரிவின் பக்கம் கையைத் திருப்பும்போது, மேல்பக்கத்து ஜாக்கி தரையை விட்டு மெல்ல எழுவதைப் பார்த்தவர்கள் பெரிய பக்கெட்டை மறுபடி விரும்புவதில்லை.

▪ பெட்டிச் செய்தி: 100 அடி நீளம், 3 அடி ஆழம்

9 அங்குல பக்கெட் – இரண்டேகால் யூனிட் மண்
12 அங்குல பக்கெட் – 3 யூனிட்
16 அங்குல பக்கெட் – 4 யூனிட்
18 அங்குல பக்கெட் – நாலரை யூனிட்
24 அங்குல பக்கெட் – 6 யூனிட்

(ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இது தரையில் இறுகியிருந்தபோதுள்ள அளவு. தோண்டி வெளியே போட்டால் சாதாரண மண் ஏறக்குறைய கால் பங்கும், களிமண் அதற்கு மேலும் உப்பும்.)

தோண்டியது போதாது, மூடவும் வேண்டும்

பொள்ளாச்சித் தோப்பின் கணக்குக்கு வருவோம். 600 அடி நீளம், மூன்றடி ஆழம். 12 அங்குல பக்கெட்டில் 18 யூனிட் மண் வெளியே வரும், 24 அங்குலத்தில் 36 யூனிட். இறுகிய மண் கன அடிக்கு 50 கிலோ என்று வைத்தால், மூன்றரை அங்குலக் குழாய் ஒன்றுக்காக அவசியமின்றித் தோண்டி, அவசியமின்றித் திருப்பித் தள்ளும் மண் மட்டும் 90 டன்.

அந்த 90 டன் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் கவலைக்குரியது. தென்னந்தோப்பின் மேல்மண் ஓரடிதான். இலையும் மட்டையும் சாணமும் மக்கி, தலைமுறைகளாகச் சேர்ந்த சாரம் அந்த ஓரடியில் அடங்கியிருக்கிறது. அதன்கீழே வெளுத்த சரளையும் சுக்கானும். பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அடிமண் மேலே ஏறி, மேல்மண்ணோடு கலந்து, மூடும்போது முன்பின்னாக விழுகிறது. குழாய் போன தடத்தில் இரண்டு மூன்று வருஷங்களுக்குப் புல்கூடச் சரியாக முளைக்காத தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் தனித்தனியாகக் குவித்து, எடுத்த வரிசைக்கு நேர்மாறாகத் திருப்பிப் போடுகிற பழக்கம் இருந்தால் இந்தச் சேதம் குறையும். குறுகிய பள்ளத்தில் இது சாத்தியம். இரண்டடிப் பள்ளத்தின் மண் இரு கரையிலும் மலைபோல் குவிந்து, வண்டிச் சக்கரத்தில் மிதிபட்டு ஒன்றாகிவிட்ட பிறகு, யார் பிரித்தெடுப்பது?

அடுத்த செலவு மணல். கரிசலிலும் கல் நிறைந்த பூமியிலும் பிளாஸ்டிக் குழாய்க்கு அடியில் நாலு அங்குலம் மணல் மெத்தை போடாவிட்டால், கூரிய கல் குத்தியும், மண் வெயிலில் சுருங்கி மழையில் விரிந்தும், இணைப்புகள் விட்டுப்போகும். 600 அடிக்கு நாலு அங்குல மெத்தை, ஓரடி அகலத்தில் 2 யூனிட். இரண்டடி அகலத்தில் 4 யூனிட். குழாயின் மேலும் பக்கங்களிலும் போடும் மணல் இதே விகிதத்தில் பெருகும். எம்-சாண்டை லாரிக்கணக்கில் விலைக்கு வாங்கும் காலத்தில், மணலின் கிரயத்தை நிர்ணயிப்பது கடைக்காரர் மட்டுமல்லர். பக்கெட்டும் அதில் பாதி நிர்ணயிக்கிறது.

மண்ணுக்குள் போன பிறகும் அகலம் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1913ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் ஆன்சன் மார்ஸ்டன் என்னும் பொறியியல் ஆசிரியர் தம் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி, பள்ளத்தில் கிடக்கும் குழாயின்மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைக் கணக்கிட்டது. மூடிய மண் நாளடைவில் அடங்கிக் கீழிறங்கும்போது, தொடப்படாத பள்ளச் சுவர்கள் அதைப் பக்கத்திலிருந்து உரசிப் பிடித்து, பாரத்தில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. சுவர்கள் நெருங்கி நின்றால் இந்த உதவி மிகுதி. விலகி நின்றால் குறைவு. சிமெண்ட் குழாய், சுட்டமண் குழாய் போன்ற விறைப்பான குழாய்களின்மேல் விழும் பாரம், ஓர் எல்லை வரை, பள்ளத்தின் அகலம் கூடக்கூட அந்த விகிதத்தையும் மிஞ்சிக் கூடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குழாய் பதிப்பவர்களின் சாஸ்திரம் இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் நிற்கிறது. டிராக்டரும் மாட்டுவண்டியும் நெல் லாரியும் கடக்கும் தோட்டப் பாதைக்கு அடியில் வாய்க்கால் குழாய் போடுகிறவர், அகலமாகத் தோண்டினால் குழாய் சௌகரியமாகக் கிடக்கும் என்று எண்ணிக்கொண்டு, அதன் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுகிறார்.

ஊர்த் தெருவில்

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்தபோது, தோட்டத்தில் மட்டும் கண்ட இந்தப் பிரச்சினை தெருவுக்கும் வந்தது. பத்தடி அகலமுள்ள சிமெண்ட் தெருவில் இரண்டடி பக்கெட் ஒரு முறை ஓடினால், தெருவின் ஐந்தில் ஒரு பங்கு உடைந்துபோகிறது. உடைத்த பாகத்தில் மண்ணைத் தள்ளி, மேலே சிமெண்ட் கலவை பூசிவிட்டுப் போன பிறகு, ஐப்பசி மழை நாலு நாள் பெய்ததும் மூடிய மண் அடங்குகிறது. மேல்பூச்சு அந்தரத்தில் நிற்கிறது. பால் வண்டியின் பின்சக்கரம் அதில் இறங்குகிறது. மூடிய மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு படலமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். இரட்டிப்பு மண்ணை இறுக்க இரட்டிப்பு உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு ஒப்பந்தத்தில் இடம் இருப்பது அரிது. ஆகவே அகலமான பள்ளம் ஏறக்குறைய எப்போதும் சரியாக மூடப்படாத பள்ளமாகவே முடிகிறது.

பழைய குழாய்களும் மின் கம்பிகளும் டெலிபோன் கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம் நம் தெருக்கள் பலவற்றுக்குக் கிடையாது. ஓரடி பக்கெட் தப்பித்துப் போகும் இடத்தில் இரண்டடி பக்கெட் எதையாவது அறுத்துவிடுகிறது. ஒரு தெருவே இரண்டு நாள் தண்ணீரின்றித் தவிக்கும்போது, அதற்குக் காரணம் பக்கெட்டின் அகலம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, டிரைவரைத்தான் திட்டுகிறார்கள். தெருவேலைக்கு வண்டி எடுக்கும் ஊராட்சிகள், வாடகையை எழுதும் அதே தாளில் பள்ளத்தின் அதிகபட்ச அகலத்தையும் எழுத வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

குறுகியது எங்கே தோற்கும்?

இவ்வளவும் சொன்னதால், ஒன்பது அங்குல பக்கெட்டே சர்வரோக நிவாரணி என்று கொள்ளலாகாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில், ஈரம் சற்று மிகுந்த நாளில், ஒன்பது அங்குல பக்கெட்டால் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். களி இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழாது, குலுக்கினாலும் விழாது. ஒவ்வொரு மூன்றாம் வீச்சுக்கும் டிரைவர் இறங்கி வந்து கம்பியால் குத்தித் தள்ள வேண்டும். குலுக்கிக் குலுக்கிப் பின்களும் புஷ்களும் தேயும். கரிசல்காரர் 16 அங்குலத்துக்குக் கீழே போகாதிருப்பதே நலம். அதுவும் அடிப்பாகம் சற்றுக் குறுகி வாய் சற்று விரிந்த அமைப்பாக இருந்தால், மண் தானாக நழுவி விழும். தஞ்சைப் பக்கத்து வண்டலிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வாய்க்காலைத் தூர்வாருவது வேறு காரியம். அங்கே உடைக்க வேண்டிய கடினம் ஒன்றுமில்லை. சேறும் கோரையும் தளர்ந்த மண்ணுமே. பல் இல்லாத, நேரான உதடுள்ள, 30 அங்குலம் வரை அகலமான, ஆழம் குறைந்த பக்கெட் இருந்தால் வாய்க்காலின் அடி வழவழப்பாக அமையும். பல் உள்ள பக்கெட் கீறிய தடங்களில் தண்ணீர் தேங்குவதுபோல் தேங்காது. மணற்பாங்கான பூமியிலும் அகலமானதற்கு லாபம் உண்டு. மணல் எவ்வளவு குறுகலாகத் தோண்டினாலும் சரிந்து தானே அகலமாகிவிடும் ஆகையால், அங்கே குறுகிய பக்கெட்டின் பெருமை செல்லாது.

தென்னங்குழிக்கு வந்தால் கணக்கு ருசியாகிறது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 கன்றுகள். குழி ஒன்றுக்கு 27 கன அடி. ஏக்கருக்கு 19 யூனிட்டை ஒட்டி வரும். 18 அங்குல பக்கெட் பக்கத்தில் பக்கமாக இரண்டு முறை இறங்கினால் சரியாக மூன்றடி. 12 அங்குலத்துக்கு மூன்று முறை வேண்டும். 24 அங்குலமோ முதல் முறை இரண்டடி எடுத்து, இரண்டாம் முறை பாதி காற்றையும் பாதி மண்ணையும் அள்ளும், அல்லது குழியை நாலடியாக்கிவிடும். கன்று நடுவதே முக்கியத் தொழிலாக உள்ளவருக்கு 18 அங்குலத்தைப்போல் உபகாரமானது வேறில்லை.

ஏற்கெனவே காய்க்கும் மரங்களுக்கு இடையில் குழாய்க்காகத் தோண்டுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்னையின் உயிர்ப்புள்ள வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் வட்டத்துக்குள், ஓரடி முதல் நாலடி ஆழத்தில் பரவியிருக்கும். 25 அடி இடைவெளியின் நட்டநடுவில் பள்ளம் போனால், இரு பக்கத்து மரமும் அதை உணராது. பாக்குத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஒன்பதடியே இருப்பதால் அந்தத் தாராளம் இல்லை. அங்கே நாலடி அகலமுள்ள சிறு டிராக்டரும் 9 அல்லது 12 அங்குல பக்கெட்டும்தான் நுழையத் தகுந்தவை.

மனிதன் இறங்கும் பள்ளம்

அகலத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் நான் மதிப்பது ஒன்று: குழாயை ஒட்டுவதற்கு ஆள் உள்ளே இறங்க வேண்டியிருந்தால் ஓரடி போதாது. ஒன்றரை அடியில் ஒருவர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். இரண்டடியில் குனிந்து வேலை செய்யலாம். ஆனால் சிறு குழாய்களைக் கரைமேலேயே வைத்துப் பசை தடவி இணைத்து, பசை இறுகிய பிறகு நீளமாக உள்ளே இறக்கிவிடலாம். வால்வும் ‘டீ’யும் வரும் இடங்களில் மட்டும் பள்ளத்தை இரண்டடி, மூன்றடிக்கு விரித்துக்கொண்டால் போதும். குழாயின் வெளிவிட்டத்தோடு ஏறக்குறைய ஓரடி கூட்டிப் பள்ளத்தின் அகலத்தை வைப்பது பதிப்பவர்களின் பொதுவான வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தாலும், மூன்றரை அங்குலக் குழாய்க்கு 16 அங்குலத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை.

▪ பெட்டிச் செய்தி: உயிர்க் காப்பு

ஒன்றரை மீட்டருக்கு மேல், அதாவது ஐந்தடிக்கு மேல் ஆழமான பள்ளத்தில், பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதி. ஐந்து கன அடி மண் சரிந்தால் அதன் எடை 250 கிலோ. இடுப்பளவு புதைந்தவரைக்கூட இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட முடியாது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் உதட்டில் குவிக்காமல், குறைந்தது இரண்டடியாவது தள்ளிப் போட வேண்டும். பள்ளம் ஒற்றையடியாக இருந்தாலும், மூடாமல் இரவு விட்டால், கன்றுக்குட்டியும் குழந்தையும் விழ அது போதுமான அகலமே.

பக்கெட்டின் அளவோடு சேர்ந்த இன்னோர் அபாயம், கையை டிராக்டரில் பொருத்தும் விதம். கலப்பையை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் அப்படியே தோண்டு கையை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பு கீழ்நோக்கி இழுப்பதைத் தாங்க அமைந்தது. கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுவதைத் தடுக்க அமைந்ததன்று. பெரிய பக்கெட் கடினமான கல்லில் சிக்கி, டிரைவர் கையை மேலும் அழுத்தும்போது, முழுச் சட்டமும் மேலே எகிறி, இருக்கையில் அமர்ந்திருப்பவரை டிராக்டரின் பின்புறத்தோடு வைத்து நசுக்கக்கூடும். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் முன்னச்சு வரை ஓடும் தனிச் சட்டத்தின்மேல் கையைப் பொருத்தினால் இந்த அபாயம் நீங்கும். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலுள்ள கூட்டின்மேல் விழும் முறிப்பும் சட்டத்துக்குப் பங்கிடப்படும். இந்தச் சட்டம் இல்லாத வண்டியில் 12 அங்குலத்துக்கு மேற்பட்ட பக்கெட் மாட்டுவதை நான் எந்த விவசாயிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சொல்லப்போனால், சட்டமே இல்லாமல் எந்த பக்கெட்டாலும் தோண்டுவதையே சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்கும்போது

கம்பெனி பக்கெட்டின் விலையைக் கேட்டு மலைத்து, பக்கத்து ஊர்ப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்குகிறவர்கள் பலர். கோயமுத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் இரும்பு வேலையில் தேர்ந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை; அவற்றில் செய்த பக்கெட் வருஷக்கணக்கில் உழைப்பதும் உண்மை. பிழை நேர்வது அளவில். அகலத்தைச் சொல்லிவிட்டு மற்ற வடிவத்தைப் பட்டறைக்காரரின் உத்தேசத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மேல் பின்னிலிருந்து பல் நுனி வரையுள்ள தூரம் 24 அங்குலமாக இருந்த இடத்தில், ‘கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்’ என்று 30 அங்குலமாக நீட்டிவிட்டால், பல்லின் விசையில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துபோகிறது. தகட்டை வேண்டிய மட்டும் கனமாக்குவதும் அப்படித்தான்: கூடிய ஒவ்வொரு கிலோ இரும்பும் அள்ள வேண்டிய ஒரு கிலோ மண்ணின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேயும் உதட்டிலும் பக்க விளிம்பிலும் மட்டும் கனத்த தகடு வைத்து, முதுகைக் கம்பெனி அளவிலேயே விட வேண்டும். பற்களை வெல்டிங்கில் ஒட்டிவிடாமல், தேய்ந்தபோது கழற்றி மாற்றும்படி அமைத்தால், பின்னால் பணமும் நேரமும் மிஞ்சும்.

பழைய பக்கெட்டைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர் மூன்று அளவுகளைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்: பின்னின் விட்டம், இரு பின்களுக்கும் நடுவே உள்ள தூரம், கையின் நுனி நுழைய வேண்டிய காதுகளின் இடைவெளி. ஒரு கம்பெனிக்கும் மறு கம்பெனிக்கும் இவை ஒத்துப்போவதில்லை. மில்லிமீட்டர் அளவில் தளர்ந்தாலும் பக்கெட் ஆட்டம் கொடுத்து, பின் கோணலாகத் தேய்ந்து, ஒரு நாள் வேலைக்கு நடுவில் முறியும்.

யந்திரத்தோடு முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், செம்மண், சரளை நிலத்தில் 12 அங்குலமும், கரிசலில் 16 அங்குலமும் வாங்கச் சொல்வேன். முதல் வருஷம் அதைக்கொண்டு என்னென்ன வேலை செய்தோம் என்பது தெரிந்த பிறகு, தென்னைக்காரர் 18 அங்குலமும் வாய்க்கால்காரர் பல்லில்லாத 30 அங்குலமும் சேர்த்துக்கொள்ளலாம். வருஷத்தில் நாலு நாளே வேண்டிய அந்த இரண்டாவது பக்கெட்டை, ஒரே கம்பெனி யந்திரம் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று நாலு பேர் கூட்டாக வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது ஆனைமலைப் பக்கம்போல் தோட்டங்கள் நெருங்கிய இடங்களில் எளிதில் கைகூடும் யோசனை. பின்களுக்கு வாரந்தோறும் கிரீஸ் வைத்திருந்தால், ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட இரண்டு பேருக்குக் கால் மணி நேரம் போதும். வைக்காமல் துருப்பிடிக்க விட்டிருந்தால், சம்மட்டியும் காஸ் விளக்கும் வைத்துக்கொண்டு அரை நாள் போராட வேண்டியிருக்கும்.